பின் கேட்டுக்கு எதிரே ஒரு பள்ளி இருக்கிறது

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



மெயின்டெனன்ஸ் கட்டண விவாதம் ஒருவழியாக முடிந்து, டீ வரப்போகிற நேரத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கிறேன். அது ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன்.

நம் பின் கேட்டைத் திறந்தால் எதிரே அரசு மேல்நிலைப் பள்ளி. நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்கள், செக்யூரிட்டி, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், இவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. அந்தப் பள்ளிக்கு நாம் ஒன்றும் செய்யாதவர்கள் இல்லை. நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறோம், குடிநீர் ஃபில்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறோம். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் இன்று நான் உங்களிடம் பொருளோ பணமோ கேட்கவில்லை. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்களோ, அதை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்.

கரும்பலகையில் இருபத்து மூன்று வேலைகள்

கடந்த ஜூலையில், தலைமையாசிரியரின் அனுமதியோடு அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை எடுத்தேன். "உங்களுக்குத் தெரிந்த வேலைகளை எல்லாம் சொல்லுங்கள்" என்றேன். போலீஸ், டாக்டர், கலெக்டர், டீச்சர், நர்ஸ், வக்கீல், இன்ஜினியர், ஐ.டி., டிரைவர், மேஸ்திரி, டெலிவரி அண்ணன் என்று வந்துகொண்டே இருந்தது. மணி அடிக்கும்போது கரும்பலகையில் 23 வேலைகள் இருந்தன. "சரி, இன்ஜினியர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்வார்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "லேப்டாப்பில் டைப் பண்ணுவார் சார்" என்றாள்.

அதே வாரம் நம் செக்யூரிட்டி கேபினில் இருக்கும் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். ஒரு வாரத்தில் நம் வளாகத்துக்குள் வந்து வேலை செய்தவர்களின் தொழில்களைக் குறித்துக்கொண்டேன். அதோடு, எனக்குத் தெரிந்த அளவில், இங்கே குடியிருப்பவர்கள் செய்யும் வேலைகளையும் சேர்த்தேன். ஆடிட்டர், கப்பல் இன்ஜினியர், எக்ஸ்ரே டெக்னீஷியன், ஆயத்த ஆடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர், நீதிமன்றச் சுருக்கெழுத்தர், கட்டட வரைபடம் போடுகிறவர், மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதகர். பட்டியல் அறுபதைத் தாண்டியது. இந்த அறுபதுக்கும் அந்த இருபத்து மூன்றுக்கும் நடுவில் இருப்பது இருபது அடிச் சாலை மட்டும்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எல்லாம் தெரியுமா என்றால், தெரியாது. நம் எஸ்.டி.பி. எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. பெங்களூரில் ஒரு சித்தப்பா, கோயம்புத்தூரில் ஓர் அத்தை, அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர். "இந்தக் குரூப் எடுக்கலாமா, அந்தக் காலேஜ் எப்படி?" என்று ஒரு ஃபோன் போட்டால் வழி சொல்ல ஆள் உண்டு. எதிர்ப் பள்ளியில் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தச் சித்தப்பாவும் அத்தையும் இல்லை. அந்த இடத்தில் நாம் இருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு

பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளைக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. நம்மில் பலருக்கே அவை முழுதாகத் தெரியாது. பிளஸ் ஒன் சேரலாம். அதிலும் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே அதுவும் வந்துவிட்டது. நான் பாடம் எடுத்த அடிப்படை மின் பொறியியல் அதில் ஒன்று. பிளஸ் ஒன் வேண்டாம் என்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது, மூன்று ஆண்டு பாலிடெக்னிக் டிப்ளமா இருக்கிறது. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமாவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக, ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிள்ளைக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்பது தவறான எண்ணம்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேறு பல உதவிகளும் வந்திருக்கின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது.

"அப்புறம் என்ன சார், அரசாங்கமே எல்லாம் செய்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். திட்டம் ஊர் முழுவதற்கும் வருகிறது. அதைப் பிடித்துக்கொள்ள, பிள்ளையின் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு பெரியவர் வேண்டும். ஆசிரியர்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு வகுப்பாசிரியரிடம் நாற்பது, ஐம்பது பிள்ளைகள். அதுவும் மே, ஜூன் மாதங்களில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், புதுச் சேர்க்கை என்று அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அந்த இரண்டு மாதத்தில்தான் பல பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகிறார்கள். மதிப்பெண் இருக்கும், ஆசையும் இருக்கும். ஆனால் வருமானச் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு பெயர் இருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் வாங்கினால் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பது தெரிந்திருக்காது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் போய்விடும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஒரு கடையில் வேலைக்குச் சேர்வார்கள். அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதில்லை.

பழைய பயம் ஒன்று உண்டு

"தொழில்" "பள்ளி" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னால், தமிழ்நாட்டில் மூத்தவர்களுக்கு ஒரு நினைவு வரும். 1953-இல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி நாடே எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பயம் நியாயமானது. இன்றும் அதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரின் மகளை அழைத்து வந்து, "பிளம்பிங் கற்றுக்கொள், நல்ல வருமானம்" என்று சொல்வதற்காக நான் இந்தத் தீர்மானத்தைக் கொண்டு வரவில்லை. அவள் பிளம்பரையும் பார்க்க வேண்டும், ஆடிட்டரையும் பார்க்க வேண்டும், கப்பல் இன்ஜினியரிடமும் கேள்வி கேட்க வேண்டும். பிறகு எது வேண்டும் என்பதை அவள் முடிவு செய்யட்டும். அதே போல, நம் பிளாக்குகளில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அவளோடு ஒரே வரிசையில் நின்று எஸ்.டி.பி.யைப் பார்க்க வேண்டும். ஒரு சாராருக்கு ஒரு வகை வேலை, இன்னொரு சாராருக்கு இன்னொரு வகை வேலை என்று நாம் பிரித்துக் காட்டினால், 1953-இல் எதிர்த்ததையே வேறு பெயரில் செய்தவர்கள் ஆவோம்.

சமூகம் பள்ளிக்குத் தோள் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. காமராஜர் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டியதைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். அன்று பள்ளிக்குக் கட்டடமும் பெஞ்சும் தேவையாக இருந்தன. இன்று தேவைப்படுவது உங்கள் அனுபவம்.

இது பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரப் பள்ளி ஒன்றில் 1969-இல், உள்ளூர் மின்சாரக் கம்பெனியின் துணையோடு, ஒரு தொழிலை மையமாக வைத்த வகுப்பைத் தொடங்கினார்கள். இந்த முறை நாடெங்கும் பரவியது. 1990-களில் ஓர் ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இடம் கிடைத்த மாணவர்களையும் கிடைக்காதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பள்ளி முடித்த எட்டு ஆண்டுகளில், இடம் கிடைத்தவர்களின் ஆண்டு வருமானம் சராசரியாக 11 விழுக்காடு அதிகமாக இருந்தது. அந்த உயர்வு முக்கியமாக ஆண்களிடம்தான் தெரிந்தது. அதனால் நாம் செய்யும்போது பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். மின் பொறியியல் பிரிவில் அவளும் அவள் தோழியும் மட்டும்தான் பெண்கள். நேரடிப் பயிற்சிக்கு மூன்று கடைகளில் கேட்டேன். "பொம்பளப் புள்ளையா சார்?" என்று தயங்கினார்கள். நான்காவதாக மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர், "ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்புங்க சார், என் சம்சாரமும் கடையிலதான் இருப்பாங்க" என்றார். அந்தப் பெண் பாலிடெக்னிக் முடித்து, இப்போது ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறாள். பள்ளியும் சமூகமும் கைகோப்பது என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, நடைமுறையில் அது இப்படி ஒருவர் "அனுப்புங்க" என்று சொல்வதுதான்.

நம் வளாகமே ஒரு பாடப்புத்தகம்

நம்மிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 120 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 480 பேர். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு 64,800 லிட்டர். அது எங்கிருந்து வருகிறது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் ஏற்றுகிறது, எவ்வளவு மின்சாரம் ஆகிறது, பயன்படுத்திய பின் எங்கே போகிறது? ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் இதற்குள் இருக்கின்றன.

எஸ்.டி.பி.யில் ப்ளோயர் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். கசடு படிந்து, தெளிந்த நீர் மணல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி வழியாக வந்து, நம் தோட்டத்துக்கும் ஃப்ளஷ் டாங்குக்கும் போகிறது. நுண்ணுயிர் பாடம் இதைவிட நன்றாக எங்கே புரியும்? அங்கேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அந்த வேலையை இயந்திரத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதும், அந்த இயந்திரத்தை இயக்குவது ஒரு திறமையான தொழில் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

லிஃப்டுக்கு ஓர் எதிர் எடை இருக்கிறது. கூண்டின் எடையோடு, அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து அதை அமைக்கிறார்கள். ஏன் பாதி? லிஃப்ட் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவார். சங்க அலுவலகத்தில் நம் கணக்காளர் டேலியில் வரவு செலவு போடுகிறார். மாதக் கட்டணம் 7,500 ரூபாயையும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜி.எஸ்.டி. வரும் என்று இன்று நாம் ஒரு மணி நேரம் சண்டை போட்டோமே, அது வணிகவியல் மாணவருக்கு நல்ல பாடம்.

என்ன செய்யலாம்?

மூன்று காரியங்கள் மட்டும் கேட்கிறேன்.

முதலாவது, வேலையைப் பார்க்கும் சனிக்கிழமை. கல்வியாண்டில் ஆறு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் 20 பிள்ளைகள், இரண்டு மணி நேரம். எதிர்ப் பள்ளிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் கலந்து வருவார்கள். முன் கேட் வழியாக வருவார்கள், சர்வீஸ் கேட் வழியாக அல்ல. வேலை செய்கிறவரே தன் வேலையை விளக்குவார்.

இரண்டாவது, வகுப்பறைக்கு நாம் போவது. மாதம் ஒருவர் போனால் போதும். "கஷ்டப்பட்டுப் படித்தால் முன்னுக்கு வரலாம்" என்ற சொற்பொழிவு வேண்டாம். அதை அவர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். உங்கள் வேலையில் பயன்படுத்தும் ஒரு கருவியோ காகிதமோ கையில் கொண்டு போங்கள். உங்கள் காலை எப்படித் தொடங்குகிறது, என்ன படித்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது, முதல் சம்பளம் எவ்வளவு, இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாதி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள்.

மூன்றாவது, நான் மிக முக்கியமாக நினைப்பது, மே, ஜூன் மாதங்களில் விண்ணப்ப உதவி மேசை. நம் கிளப் ஹவுஸில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், வாரத்தில் மூன்று மாலைகள். எந்தச் சான்றிதழ் இல்லை, யாரிடம் வாங்க வேண்டும், கடைசி நாள் எது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்ல நான்கைந்து பேர். ஓய்வு பெற்றவர்கள் நாம் நிறையப் பேர் இருக்கிறோம். அரசு அலுவலகங்களில் முப்பது வருடம் இருந்தவர்களுக்கு ஃபாரம் நிரப்பத் தெரியாதா என்ன?

விதிமுறைகள் கறாராக இருக்க வேண்டும். எல்லாம் தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகவே நடக்கும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் என்பதைக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அவர்கள் விருப்பத்தைக் கேட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும், துறையின் அனுமதியும் வேண்டும். பிள்ளைகளோடு எப்போதும் ஓர் ஆசிரியரும், நம் தரப்பில் இரண்டு பேரும் இருக்க வேண்டும். யாரும் ஒரு பிள்ளையைத் தனியாகத் தன் வீட்டுக்கு அழைக்கக் கூடாது. புகைப்படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடக் கூடாது. பண உதவி செய்ய விரும்புகிறவர்கள் அரசின் நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டம் வழியாகச் செய்யுங்கள், சங்கக் கணக்கில் வேண்டாம்.

இன்னொன்று, பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள், வேலை செய்ய வரவில்லை. 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. என் பணிக்காலத்தில் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்கு அனுப்பிய மாணவர்களைப் பார்க்கப் போனால், லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே அழைத்து வந்துவிட்டோம். நம் வளாகத்தில் ஒரு பிள்ளையின் கையில் துடைப்பம் கொடுத்தால்கூட இந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வெளிப் பிள்ளைகள் உள்ளே வந்தால் பாதுகாப்பு?" என்று இரண்டு பேர் என்னிடம் தனியாகக் கேட்டார்கள். தினமும் நம் கேட்டைத் தாண்டி டெலிவரிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ரெஜிஸ்டர் சொல்லும். அவர்களை நமக்குத் தெரியாது. இந்த இருபது பிள்ளைகளின் பெயரும், அவர்களின் ஆசிரியரும் நமக்குத் தெரியும். பலரின் அம்மாவே நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறார். அவர் கையில் வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டுப் போகிறோம்.

தீர்மானம் இதுதான். ஒன்று, ஐந்து பேர் கொண்ட பள்ளித் தொடர்புக் குழு அமைப்பது. அதில் குறைந்தது இரண்டு பெண்கள். இரண்டு, 120 வீடுகளிலும் யார் என்ன வேலை, மாதத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும் என்று ஒரு பதிவேடு தயாரிப்பது. மூன்று, ஓராண்டு மட்டும் நடத்திப் பார்ப்பது. அடுத்த பொதுக்குழுவில் குழு கணக்குச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு விண்ணப்பம் போட உதவினோம், அவர்களில் எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். செலவு என்று பார்த்தால் பிரின்டர் காகிதமும், ஆறு சனிக்கிழமைக்கு டீயும் சுண்டலும்தான்.

ஆதரிக்கிறவர்கள் கை தூக்கும் முன், இதற்காக உங்களால் மாதத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள். கை தூக்குகிறவர்களின் வீட்டு எண்ணை நான் குறித்துக்கொள்ளப் போகிறேன்.



(தீர்மானம் கூட்டத்தில் நிறைவேறியது. பதிவேட்டில் பெயர் தர விரும்புவோர், வீட்டு எண், செய்யும் அல்லது செய்த வேலை, தரக்கூடிய நேரம் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.)